ஓசூர் நூலகத்தில் ஒரு விசாரணை மேசை

2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் விதி 110-இன் கீழ் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டார். ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளக்கூடிய பன்னாட்டு விமான நிலையம் என்பது ஒன்று. திருச்சியில் கலைஞர் பெயரில் மாபெரும் நூலகம் என்பது மற்றொன்று. முதல் அறிவிப்பைப் பற்றி எங்கள் மாவட்டத்து டீக்கடைகளில் இன்னும் பேச்சு ஓயவில்லை. நிலம் எந்தப் பக்கம் எடுப்பார்கள், சென்ட் விலை எவ்வளவு ஏறும், பெங்களூரு விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையம் வரக்கூடாது என்ற நிபந்தனை குறுக்கே நிற்குமா என்று ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். இரண்டாவது அறிவிப்பை வேறு ஊர்ச் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். தொழில் ஊருக்கு ஓடுதளம், படிப்பு ஊருக்கு நூலகம் என்று பங்கு பிரிந்ததில் நமக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். அதற்காகத் திருச்சிக்குக் கிடைத்ததுபோல் நமக்கும் பல மாடிக் கட்டடம் வேண்டும் என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது மிகச் சிறியது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இப்போது இருக்கும் நூலகங்களிலேயே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஊர் விவரம் தெரிந்த ஓர் ஆள். “இதுக்கு எங்கே போகணும், யாரைப் பார்க்கணும்?” என்று யார் வந்து கேட்டாலும் சரியான பதில் சொல்லி அனுப்ப ஓரிடம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வேரூன்றிய தலைமுறை ஒன்று. ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, உத்தனப்பள்ளிப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் என்று கடந்த சில ஆண்டுகளில் வந்து இறங்கிய தலைமுறை இன்னொன்று. இதற்கு நடுவே பெயர்ப்பலகைகூட இல்லாத எத்தனையோ லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள், மாம்பழக்கூழ் ஆலைகள், ரோஜாத் தோட்டங்கள். ஐபோன் உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் வட்டாரங்களிலிருந்து ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் வருகிறார்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பெருமையாகச் சொன்னார். ஒடிசா, பிகார், அசாம், வங்கத்துப் பையன்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் ஒரே தெருவில் பேசப்பட்ட ஊருக்கு இந்தியும் ஒடியாவும் சேர்ந்தது பெரிய அதிர்ச்சி அல்ல. ஓசூர் யாரையும் எளிதில் சேர்த்துக்கொள்ளும் ஊர். ஆனால் வந்தவருக்கு வழி சொல்லும் ஊராக அது இன்னும் ஆகவில்லை.

திட்டங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நல வாரியங்கள் இருக்கின்றன, இஎஸ்ஐ இருக்கிறது, இலவச சட்ட உதவி இருக்கிறது, ‘நான் முதல்வன்’ இருக்கிறது, ஒரே நாடு ஒரே ரேஷன் 2020 அக்டோபரிலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. மாநிலம் முழுக்கப் போன ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். திட்டம் ஒரு பக்கம், அது தேவைப்படும் ஆள் ஒரு பக்கம். நடுவில் இருக்கும் இடைவெளியில் புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார்.

சாதாரணமான ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். இராயக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் காண்ட்ராக்டர் மூலம் ஒரு கம்பெனியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நின்றுவிடுகிறான். பி.எஃப். பணம் எடுக்க வேண்டும். விண்ணப்பம் திரும்பி வருகிறது. காரணம், அவன் பெயர். தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும். பி.எஃப். கணக்கில் காண்ட்ராக்டரின் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஏற்றியிருப்பார், அதில் ஒரு ‘ஹெச்’ கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். மூன்றும் பொருந்தாது. திருத்த வேண்டும் என்றால் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். காண்ட்ராக்டரோ போனை எடுப்பதில்லை, அல்லது கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் பிரவுசிங் சென்டருக்குப் போகிறான். அங்கே சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதே தப்பான விண்ணப்பத்தை இன்னொரு முறை போடுகிறார்கள். அதுவும் திரும்பி வருகிறது.

இத்தனைக்கும் 2025 ஜனவரியிலேயே இந்த நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் அடிப்படையில் யுஏஎன் எண் பெற்றவர்கள், பெயர், பிறந்த தேதி போன்ற திருத்தங்களைத் தாங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம். நிறுவனத்தின் கையெழுத்து தேவையில்லை. காசும் கிடையாது. அதிலும் சிக்கல் என்றால், 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். அலுவலர்கள் நேரில் வந்து உட்கார்ந்து குறை கேட்கிறார்கள். ‘நிதி ஆப்கே நிகட்’ என்று அதற்கு இந்தியில் பெயர் வைத்திருக்கிறார்கள். சூளகிரிக்காரருக்கு அது என்ன விளங்கும்? சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மாதமும் பணம் பிடிக்கப்பட்ட தொழிலாளி, அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி தெரியாமல் நிற்கிறான். வழி இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆளில்லை.

எல்லையோர ஊர் என்பதால் நம் சிக்கல் இரட்டிப்பு. ஜூஜூவாடியில் வீடு, அத்திப்பள்ளியில் வேலை. பாகலூரில் வீடு, பொம்மசந்திராவில் வேலை. காலையில் மாநிலம் தாண்டிப்போய் மாலையில் திரும்பி வருகிறார்கள். சம்பளப் பாக்கி என்றால் புகாரை ஓசூரில் கொடுப்பதா, ஆனேக்கலில் கொடுப்பதா? இஎஸ்ஐ அட்டை கர்நாடக மருந்தகத்தில் பதிவாகியிருக்க, மனைவிக்கும் பிள்ளைக்கும் இங்கே வைத்தியம் பார்க்க என்ன செய்ய வேண்டும்? கர்நாடகத்தில் ஒரு பட்டியலில் இருக்கும் சமூகம் தமிழ்நாட்டில் வேறு பட்டியலில் இருக்கலாம். அங்கே பிறந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எந்த வட்டாட்சியர் தருவார்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டை நம்பி, எட்டாம் வகுப்பு வரை அந்தப் பக்கம் படித்த பிள்ளையைப் பிறகு இந்தப் பக்கம் சேர்த்தால் செல்லுமா? ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் ஒருவராவது எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். அந்த அலுவலகம் பெரும்பாலும் கிருஷ்ணகிரியில், 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். தவறான அலுவலகத்துக்குப் போய் நின்றால் இரண்டு நாள் சம்பளம்.

இதோடு 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் உரக்கப் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பயிற்சித் தொழிலாளிக்கு அதில் தனக்கு என்ன மாறியது என்று பதறாமல், பக்கம் சாயாமல் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஏன் நூலகம் என்று கேட்கலாம். இ-சேவை மையம் இருக்கிறதே, வார்டு அலுவலகம் இருக்கிறதே, கவுன்சிலர் இருக்கிறாரே? இ-சேவை மையம் விண்ணப்பம் போடும் இடம். எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். அரசு அலுவலகத்துக்குப் போகிறவர் மனுவோடு போக வேண்டும், கேள்வியோடு போனால் மதிப்பதில்லை. கவுன்சிலர் வீட்டுக்குப் போனால், நீ யார் ஆள் என்ற கேள்வி கண்ணிலேயே தெரியும். ஒடிசாக்காரருக்கு ஓட்டும் இங்கே இல்லை. நூலகம் ஒன்றுதான் எதுவும் வாங்காமல், யார் என்று கேட்காமல் உள்ளே விடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்க உட்காரலாம். பெண்கள் தனியாக வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எந்நேரமும் வார்டனின் கண் பார்வையில் இருக்கும் ஹாஸ்டல் பெண்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரியும். இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில், தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் அந்த ஒரே நாளில், நூலகம் திறந்திருக்கிறது. இதை யாரும் தொழிலாளியை நினைத்து ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நமக்கு வாய்த்த வசதி அது.

காசும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் அதைக் கொண்டுவந்தார், பின்னால் இருந்து உந்தியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டும் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி சேர்கிறது. வீட்டுக்காரர் கட்டுகிறார், கடைக்காரர் கட்டுகிறார், தொழிற்சாலையும் கட்டுகிறது. வாடகை கொடுப்பவரும் மறைமுகமாகக் கட்டுகிறார், அவர் பிகார்க்காரராக இருந்தாலும். 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது இந்த வரியும் தானாக உயர்ந்தது. வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்பு இதை மாவட்ட நூலக ஆணைக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அது அந்த அமைப்பின் வருமானம் கிடையாது, கைமாற்றிக் கொடுக்க வேண்டிய பணம். தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிகள் நூலக வரிப் பாக்கி வைப்பது பல்லாண்டுப் பழக்கம். நம் மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சிகளும் ஆண்டுதோறும் எவ்வளவு வசூலித்தன, எவ்வளவு ஒப்படைத்தன என்பதை நூலகத்து வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். கட்டியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ரங்கநாதன் நூலகத்தைப் புத்தகக் கிடங்காகப் பார்க்கவில்லை. வாசகருக்கு உரியதை வாசகரிடம் சேர்ப்பதுதான் நூலகரின் வேலை என்றார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் சாரமே அதுதான். வாசகரோடு உட்கார்ந்து பேசி, அவருக்கு என்ன தேவை என்று கண்டறிந்து உதவும் நோக்கீட்டுப் பணியை நூலகத்தின் உயிர்நாடியாகக் கருதினார். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று காத்திருக்கும் புத்தி அந்தத் தலைமுறையிடம் இல்லை. ரங்கநாதன் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1972-இல் மறைந்தது இங்கிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில். அவர் பெயரில் நல்ல நூலகர்களுக்கு விருது கொடுக்கிறோம், ஆகஸ்ட் 12-இல் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் சொன்ன வேலையைத்தான் செய்வதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கர்நாடகத்தில் 2019-இல் 5,600-க்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்து நூலகங்களை நூலகத் துறையிலிருந்து எடுத்து ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் வைத்தார்கள். ‘அறிவு கேந்திரா’ என்று பெயர் கொடுத்தார்கள். கணினி வந்தது, குழந்தைகளை உறுப்பினராகச் சேர்க்கும் இயக்கம் நடந்தது, பஞ்சாயத்தின் திட்டத் தகவல்கள் அதே கட்டடத்துக்கு வந்தன. எல்லாம் குறையில்லாமல் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்தைப் பஞ்சாயத்தின் மற்ற வேலைகளோடு இணைத்த துணிச்சல் பாராட்டத்தக்கது. நாமும் 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று நூலகம் கட்டினோம். அவற்றில் பலவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊர்க்காரர்களையே கேட்டுப் பாருங்கள்.

கேரளத்தில் 1945-இல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கமாக்கினார். அந்த இயக்கம்தான் பின்னாளில் எழுத்தறிவு இயக்கத்துக்கு மடை திறந்தது. 2017-இல் அங்கே பெரும்பாவூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுத்தர ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தை மாநில எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் பெரும்பாவூர், நம் ஓசூரின் பங்காளி என்று சொல்லலாம். வந்தவர்கள் ஊர்மொழி பேசினால் அவர்களை ஏமாற்றுவது கடினம், ஊரோடு சண்டை வருவதும் குறைவு. இவ்வளவு எளிய அறிவை நாம் ஏன் இன்னும் கடன் வாங்கவில்லை? இன்னும் தள்ளிப்போனால், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நூலகம் 2009-இல் ஒரு சமூகப் பணியாளரையே வேலைக்கு அமர்த்தியது. வீடில்லாதவர்கள் பகலெல்லாம் நூலகத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை விரட்டுவதற்குப் பதில், தங்குமிடத்துக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பிறகு வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின.

நம் நூலகங்களில் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள். குரூப் 4, குரூப் 2 என்று காலையில் டிபன் பாக்ஸோடு வந்து இடம் பிடித்து, இருட்டிய பிறகு எழுந்து போகிறார்கள். பொது வாசகர்களுக்கு இடமில்லை என்று சிலர் முணுமுணுப்பது உண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தேர்வின் பாடத்திட்டத்திலேயே தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம் வருகிறது, நலத்திட்டங்கள் வருகின்றன. எந்தத் திட்டம் எந்த ஆண்டு வந்தது, எந்தத் துறை நடத்துகிறது, யாருக்குத் தகுதி என்று அந்தப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். பக்கத்து மேசையில் தினத்தந்தி புரட்டிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு, தம் மகளுக்கு உரிய கல்வி உதவித்தொகையை எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது. இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம். ஒருவர் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வது இன்னொருவரின் வாழ்க்கைப் பிரச்சினை. வாரத்தில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் விசாரணை மேசையில் உட்கார்ந்தால், மேசைக்கு ஆள் கிடைத்துவிடும். நாளை வேறொரு ஊரில் அலுவலராகப் போகப் போகிறவர்களுக்கு, மனுவின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ‘நூலக நண்பர்கள்’ என்ற தன்னார்வலர் திட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது, நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோவதற்காக. அதே ஏற்பாட்டில் இதையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய சட்டமோ அரசாணையோ தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நூலகர்கள் இதைப் படித்துவிட்டு முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே இரண்டு நூலகங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையில், இன்னொரு சுமையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நூலகர் விண்ணப்பம் எழுதித் தர வேண்டாம், ஆதாரையோ ஓடிபியையோ கையில் வாங்கவே கூடாது, எந்த அலுவலகத்துக்கும் போன் போட்டுப் பரிந்துரை செய்ய வேண்டாம். வந்தவரின் கேள்வியைக் கேட்டு, சரியான அலுவலகத்தையும் அங்கே கொண்டுபோக வேண்டிய காகிதங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, இணைய மோசடிக்கு 1930. இந்த ஐந்து எண்களைப் பெரிய எழுத்தில், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் வாசலில் எழுதிவைப்பதற்கு ஒரு பெயிண்டரின் அரை நாள் கூலி ஆகுமா? அஞ்செட்டி மலையில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசப்படும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு 1098 என்ற எண் தெரிந்திருப்பதும் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல.

விவரப் பட்டியல் என்றதும் ஒரு குழு போட்டு, ஒரு புத்தகம் அச்சடித்து, அமைச்சரை வைத்து வெளியிட்டுவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு. அப்படி அச்சடித்த பட்டியல் ஆறு மாதத்தில் செத்துவிடும். அலுவலர் மாறுவார், எண் மாறும், அலுவலகமே வேறு கட்டடத்துக்குப் போயிருக்கும். தப்பான முகவரிக்கு ஒருமுறை அலைந்தவர் மறுபடி அந்த மேசைக்கு வர மாட்டார். ஆகவே நோட்டுப் புத்தகம் போதும், அதை மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு நூலகத்திலும் பெயரளவிலாவது வாசகர் வட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தொழிற்சங்கத்துப் பெரியவர்கள் அதில் இருக்கிறார்கள். கவியரங்கம் நடத்தட்டும், நூல் அறிமுகம் நடத்தட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த நோட்டை எடுத்து ஒவ்வோர் எண்ணாக அழைத்துப் பார்க்கட்டும். எடுக்காத எண்ணை அடித்துவிடட்டும்.

கம்பெனிகளிடம் ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்றுமுதலோ நிகரச் சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. எதற்குச் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் பொது நூலகங்கள் அமைப்பதும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பள்ளிச் சுவருக்கு வண்ணம், சாலை நடுவே செடி, எல்லாவற்றிலும் கம்பெனி பெயர் என்று பார்த்துச் சலித்துவிட்டோம். சிப்காட் பக்கத்தில் ஹாஸ்டல்கள் நெருங்கியிருக்கும் இடத்தில், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் ஒரு கிளை நூலகத்துக்கு வாடகையும் ஒரு பணியாளரின் சம்பளமும் கொடுங்கள். ஒடியா, இந்தி, வங்கப் புத்தகங்கள் நூறு நூறு வாங்கிப் போடுங்கள். தெலுங்கும் கன்னடமும் நாம் எப்போதோ வாங்கியிருக்க வேண்டியவை, அந்தக் கடனை ஊரே தீர்க்கட்டும். பெரிய நிறுவனங்கள் மட்டும் இல்லை. ஹோஸ்டியா என்று நாம் அழைக்கும் ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் இதில் இலாபம் இருக்கிறது. பி.எஃப். குழப்பத்தில் அலைகிற ஆள் வேலைக்கு ஒழுங்காக வர மாட்டான் என்பது பட்டறை முதலாளிக்குத் தெரியாததல்ல.

தொழிற்சங்கங்களும் தங்கள் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. சட்டம் அறிந்த ஒரு தோழரை மாதம் ஒருமுறை, கொடியை வெளியே வைத்துவிட்டு, நூலகத்துக்கு அனுப்புங்கள். தொழிலாளர் துறை, இஎஸ்ஐ, சட்டப் பணிகள் ஆணைக்குழு, வேலைவாய்ப்பு அலுவலகம் ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவரை அனுப்ப மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்யலாம். அன்றைக்கு வேலை செய்பவருக்கு வேறொரு நாள் ஈடு விடுப்புக் கொடுத்துவிடலாம். எல்லையைத் தாண்டிய கேள்விகளுக்காக ஆனேக்கல் வட்டத்து அலுவலகங்களின் எண்களும் நம் நோட்டில் இருக்க வேண்டும். இரண்டு மாநிலங்களும் மேகதாது அணைக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இதில் ஒத்துழைக்கலாம். தினமும் காலையில் அத்திப்பள்ளி வழியாகப் போகும் கம்பெனி பஸ்களுக்குள் அந்தச் சண்டை இல்லை.

நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் உண்டு. ஆயிரம் ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம். பெயரைப் பலகையில் எழுதுவார்கள், அந்தப் பலகையில் பெயர் பார்ப்பதிலேயே பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். பணம் கொடுங்கள், அதோடு உங்களுக்குத் தெரிந்ததையும் கொடுங்கள். முப்பது ஆண்டு வருவாய்த் துறையில் இருந்தவருக்குப் பட்டா மாற்றம் தெரியும். ஓய்வு பெற்ற செவிலியருக்கு எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை எந்த டாக்டர் என்று தெரியும். ஒடிசாவிலிருந்து வந்து பத்து ஆண்டுகள் ஆன தொழிலாளிக்கு நேற்று வந்தவனின் மொழி தெரியும்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். இந்த ஆண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை நூலகங்களில் அந்த வாரம் முடிவதற்குள் ஒரு மேசையைப் போட்டு ‘விசாரணை’ என்று எழுதிவைக்குமாறு மாவட்ட நூலக ஆணைக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த மேசையில் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தவர்கள், அதுவரை காத்திருக்காமல் இந்த ஞாயிறே உங்கள் ஊர் நூலகருக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.